பம்ப் ஹவுஸ் லைனில் ஒரு பாட்டு

பகல் இரண்டு மணி ஷிப்ட் அப்போதுதான் தொடங்கியிருந்தது. காலை ஷிப்ட் பார்த்த பெண் ஹெட்போனைக் கழற்றி என் கையில் கொடுத்துவிட்டுப் போனாள். அதில் அவள் காதுச் சூடு இன்னும் ஆறவில்லை. போர்டில் பம்ப் ஹவுஸ் எண்ணுக்கு மேலிருந்த சின்னத் தகடு 'டக்'கென்று விழுந்தது. தகடு விழுந்தால் அங்கிருந்து யாரோ கூப்பிடுகிறார்கள் என்று அர்த்தம். வயரைச் சொருகி, "எக்ஸ்சேஞ்ச்" என்றேன்.

"கன்ட்ரோல் ரூம் குடுங்க, ஆப்பரேட்டரம்மா" என்றது ஓர் ஆண் குரல்.

மணிக்கொரு முறை வரும் அழைப்புதான் அது. சுரங்கத்துக்கு அடியில் ஊறும் தண்ணீரை ராப்பகலாக இறைத்துக்கொண்டே இருக்க வேண்டும். இல்லாவிட்டால் சுரங்கம் குளமாகிவிடும். தண்ணீர் எந்த மட்டத்தில் நிற்கிறது என்பதைப் பம்ப் ஹவுஸில் இருப்பவர்கள் கன்ட்ரோல் ரூமுக்குச் சொல்வார்கள். நான் இணைத்துக் கொடுத்துவிட்டு விலகிக்கொள்வேன்.

அன்று விலகவில்லை. அந்தக் குரலுக்குப் பின்னால், மோட்டார் இரைச்சலுக்கும் பின்னால், யாரோ ஆர்கன் வாசித்துக்கொண்டிருந்தார்கள். அந்த ஆர்கனை எனக்குத் தெரியும். வாசிக்கிற கையையே தெரியும். ஆனால் அந்தப் பாட்டை நான் கேட்டதில்லை.

"அது எந்த ரெக்கார்டு?" என்று கேட்டுவிட்டேன்.

எதிர்முனைக் குரல் தணிந்து வந்தது.

"இது உங்களுக்குத் தெரியுமாங்க?"

இந்தத் தொடரில் அப்பாவைப் பற்றி எழுதிவிட்டேன். தங்கைகளைப் பற்றியும், எக்ஸ்சேஞ்சில் கூட வேலை பார்த்தவர்களைப் பற்றியும் எழுதியாயிற்று. இந்த ஒன்றை மட்டும் வாராவாரம் தள்ளிப்போட்டு வந்தேன். எழுபதுகளின் கடைசி வருஷங்கள். எனக்கு இருபத்திரண்டு வயது. அப்பா சங்கரன்கோவிலிலிருந்து நெய்வேலிக்கு வந்து ஒர்க்ஷாப்பில் ஃபிட்டராகச் சேர்ந்தவர். நான் எஸ்.எஸ்.எல்.சி. முடித்து, மைன்ஸ் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆப்பரேட்டராகி ஒன்றரை வருஷம் ஆகியிருந்தது. இன்னும் புரொபேஷனில்தான் இருந்தேன்.

படகு

அந்த ஆர்கன்காரரை எனக்கு எப்படித் தெரியும் என்பதைச் சொல்ல வேண்டும்.

மண்ணை வெட்டும் ராட்சத இயந்திரங்களைப் பூட்டிக் கொடுக்க அப்போது வெளிநாட்டு எஞ்சினீயர்கள் வந்து போய்க்கொண்டிருந்தார்கள். சிலர் குடும்பத்தோடு தங்கியிருந்தார்கள். வேலை முடிந்து ஊருக்குத் திரும்பும்போது வீட்டுச் சாமான்களை வாசல் புல்லில் பரப்பி விற்றுவிடுவது வழக்கம். அன்றைக்கு டவுன்ஷிப்பில் பாதி அங்கேதான் நிற்கும். அடி கனத்த வாணலிகள், கம்பளிக் கோட்டுகள், பனியில் சறுக்கும் கட்டைகள். கம்பளிக் கோட்டு ஒன்றுக்காக எங்கள் பிளாக்கில் இரண்டு வீட்டுக்காரர்கள் ஒரு மாசம் பேசாமல் இருந்தார்கள். நெய்வேலி வெயிலில் அதைப் போட்டுக்கொண்டு எங்கே போவதாக இருந்தார்கள் என்று தெரியவில்லை.

அப்படி ஒரு விற்பனைக்கு என்னை இழுத்துக்கொண்டு போனவர் கனகாக்கா.

பக்கத்துக் குவார்ட்டர்ஸ். உடுமலைப்பேட்டைப் பக்கத்துப் பெண். என்னைவிட நாலு வயது மூத்தவர். கணவர் அனல்மின் நிலையத்தில் சார்ஜ்மேன். கல்யாணச் சீராக ஒரு ரெக்கார்டு பிளேயர் வந்திருந்தது. அதில் போட நாலு பக்திப் பாட்டு ரெக்கார்டுகள்தான் இருந்தன. குழந்தை இன்னும் வரவில்லை. பகலெல்லாம் தனியாக இருந்து அந்த நாலையும் கேட்டுக் கேட்டு, சாமிக்கே சலித்திருக்கும் என்பார்.

புல்லில் ஒரு அட்டைப்பெட்டி நிறைய ரெக்கார்டுகள் இருந்தன. கனகாக்கா குந்தி உட்கார்ந்து அட்டைப் படங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். ஒன்றில் ஓர் உயரமான மரம், அதன் உச்சிக் கிளையில் ஒரு படகு. வேறெதுவும் அட்டையில் இல்லை. அதை எடுத்தவர் கீழே வைக்கவில்லை.

"படகு மரத்து மேல எதுக்குப் போச்சுன்னு தெரிஞ்சுக்கோணும் கண்ணு" என்றார்.

வீட்டுக்கு வந்து போட்டோம். புல்லாங்குழல் ஒன்று தொடங்கியது. டிரம் சேர்ந்தது. பாடப்போகிறார்கள் என்று காத்திருந்தால் எல்லாம் நின்றுபோனது. முள்ளை எடுத்துத் தூசி தட்டலாம் என்று கனகாக்கா கையை நீட்டியபோது, எங்கோ தூரத்திலிருந்து வருவதுபோல ஆர்கன் மெல்ல எழுந்தது. அந்தப் பக்கம் முழுவதும் ஒரே பாட்டுதான் என்பது எங்களுக்குத் தெரியாது. ஒரு பாட்டென்றால் மூன்று நிமிஷம் என்று பழகிய காது. இது போய்க்கொண்டே இருந்தது. தாளம் நடுவில் மாறியது. கனகாக்கா சின்ன வயதில் கொஞ்சம் வீணை கற்றவர். அரிசி புடைத்துக்கொண்டிருந்த முறத்தின் விளிம்பில் விரலால் தட்டித் தட்டி எண்ணினார். மூன்று முறை தப்பி, நாலாம் முறை பிடித்துவிட்டார். ஏழு. வெள்ளைக்காரர்கள் ஏழில் போடுகிறார்கள் என்பதை அன்று சாயங்காலம் வரை சொல்லிச் சொல்லி மாய்ந்துபோனார்.

எனக்குத் தாளம் தெரியாது. எனக்கு அந்த ஆர்கன் எழும் இடம்தான். வேலை முடிந்து சிவப்புப் புழுதியோடு நடந்து வந்து, வீட்டுக்குள் நுழையாமல் நேரே கனகாக்கா வீட்டுக்குப் போய், அந்த இடம் வரும்வரை நின்றபடியே கேட்டுவிட்டுப் போவேன். அதைக் கேட்கும்போது எங்கேயோ போக வேண்டும்போல இருக்கும். எங்கே என்று கேட்டால் சொல்லத் தெரியாது. சங்கரன்கோவில் இல்லை, மெட்ராஸும் இல்லை.

பின்னட்டையில் ஐந்து பேர் நின்றார்கள். பெயர்கள் எங்கள் வாயில் நுழையவில்லை. குழுவின் பெயரையே ஆளுக்கொரு விதமாகச் சொன்னோம். அதனால் அவர்கள் எங்களுக்கு 'அஞ்சு பேர்' ஆனார்கள். ஆர்கன் வாசிப்பவர் 'தாடி'. ரெக்கார்டு 'படகு'. இந்த உலகத்தில் அஞ்சு பேரைக் கேட்பது நாங்கள் இரண்டு பேர் மட்டும்தான் என்று ஒரு வருஷம் நினைத்துக்கொண்டிருந்தோம்.

பம்ப் ஹவுஸ் லைனில் அந்த ஆர்கன் கேட்டபோது எனக்கு எப்படி இருந்திருக்கும் என்று இப்போது புரியும்.

மூன்று கேசட்டுகள்

அவர் பெயர் ராஜவேலு. டவுன்ஷிப்பை ஒட்டிய வடக்குத்துக்காரர். அவர்கள் நிலத்தில் பாதி சுரங்கத்துக்குப் போயிருந்தது. ஒரு வெளிநாட்டு எஞ்சினீயருக்கு இரண்டு வருஷம் ஹெல்ப்பராக இருந்தார். அந்த மனிதர் ஊருக்குப் போகும்போது தன் டேப் ரிக்கார்டரையும் மூன்று கேசட்டுகளையும் இவரிடம் கொடுத்துவிட்டுப் போனார். அதன் பிறகு பம்ப் ஹவுஸில் கான்ட்ராக்ட் வேலை. பர்மனென்ட் ஆகப்போகிறவர்களின் லிஸ்டில் பெயர் ஏறியிருந்தது.

இதெல்லாம் அன்றைக்கே தெரிந்ததல்ல. மணிக்கொரு முறை வரும் அழைப்பில் ஒரு நிமிஷம், அரை நிமிஷமாகத் தெரிந்துகொண்டது. ஆபீஸ் லைனில் சொந்தப் பேச்சு பேசக் கூடாது. மாட்டினால் மெமோ. ஆனாலும் பேசினோம்.

கனகாக்காவிடம் சொன்னபோது அவர் கையிலிருந்த கரண்டியை அப்படியே வைத்துவிட்டார். "வரச் சொல்லு கண்ணு, ஞாயித்துக்கெழம வரச் சொல்லு." அவர் கணவரிடமும் அவரே சொன்னார். அந்த மனிதருக்கு எங்கள் பாட்டு பிடிக்காது. வீட்டுக்கு ஆள் வருவது பிடிக்கும். பேப்பரைப் பிடித்துக்கொண்டு ஹாலில் உட்கார்ந்திருப்பார்.

ராஜவேலு டேப் ரிக்கார்டரைத் துண்டில் சுற்றி, மஞ்சள் பையில் வைத்துக்கொண்டு வந்தார். வெளியே செருப்பை விட்டு, வாசற்படியிலேயே நின்றார். கனகாக்கா இரண்டு முறை சொன்ன பிறகுதான் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார். ஒல்லியான ஆள். விரல் நகங்களில் கிரீஸ் கறை. அவருக்கும் என் வயதுதான் இருக்கும்.

முதலில் 'படகை'ப் போட்டோம். அவரிடம் இருந்த மூன்றிலும் அது இல்லை. கேட்கும்போது அவர் தலையை அசைக்கவில்லை, தாளம் போடவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பக்கம் முடிந்து முள் உரசத் தொடங்கியபோது நிமிர்ந்தார்.

"இது எங்கங்க இருந்துச்சு, இத்தினி நாளா?" என்றார்.

கனகாக்கா ரெக்கார்டைத் திருப்பிப் போட்டார்.

அவருடைய கேசட்டுகளுக்கு அட்டை கிடையாது. அவரே பெயர் வைத்திருந்தார். நடுவில் மழைச் சத்தம் வருவது 'மழ கேசட்டு'. மாட்டின் கழுத்து மணிபோல ஒன்று ஒலிப்பது 'மாட்டு மணி'. மூன்றாவதைச் 'சின்னது' என்பார், அதில் குட்டிக் குட்டிப் பாட்டுகள். 'படகி'ன் உள்தாளில் இருந்ததை நான் எழுத்துக்கூட்டிப் படித்து, எது முதலில் வந்தது, எது பிறகு வந்தது என்று கண்டுபிடித்தேன். 'சின்னது' முதலாவது. 'படகு' இரண்டாவது. மழையும் மாட்டு மணியும் அதற்குப் பிறகு வந்திருக்க வேண்டும். அன்று சாயங்காலம் நாங்கள் நாலையும் வரிசையாகக் கேட்டோம். கனகாக்கா கணவர் பேப்பரை இரண்டு முறை முழுதாகப் படித்துவிட்டு, சொல்லாமல் கொள்ளாமல் கிளப்புக்குப் போய்விட்டார்.

"எங்கப்பாரு இது பாட்டா, மிஷின் ரிப்பேரான்னு கேட்டுக்கினே இருப்பாருங்க" என்று போகும்போது ராஜவேலு சொன்னார். அன்றுதான் அவர் சிரித்துப் பார்த்தேன்.

எதிலிருந்து தொடங்குவது

அதற்குப் பிறகு வந்த ஞாயிற்றுக்கிழமைகளில் எங்களுக்குள் ஒரே சண்டைதான். புதிதாக ஒருவருக்கு அஞ்சு பேரை அறிமுகப்படுத்த வேண்டுமென்றால் எதை முதலில் கொடுப்பது?

கனகாக்கா 'படகு' என்பார். அதைக் கேட்டு வராதவர் எதைக் கேட்டாலும் வரமாட்டார் என்பது அவர் கட்சி. நான் 'சின்னது' என்றேன். மூன்று நிமிஷப் பாட்டில் பழக்கி, பிறகு இருபது நிமிஷத்துக்குக் கூட்டிப் போகலாம். ராஜவேலு எப்போதும் 'மழ'தான். "மழ எல்லாருக்கும் தெரியுமுங்க. தெரிஞ்சதுலேர்ந்து ஆரம்பிக்கணும்" என்பார். யாரும் விட்டுக்கொடுக்கவில்லை. பழைய ஷிப்ட் ரோஸ்டரின் பின்பக்கத்தில் மூன்று பேருடைய வரிசையையும் எழுதி, கனகாக்கா வீட்டு அலமாரியில் ஒட்டினோம்.

ஆட்களையும் பிடித்தோம். கனகாக்காவின் கணவருடைய நண்பர் ஒருவர் 'படகை' ஆறு நிமிஷம் பொறுமையாகக் கேட்டுவிட்டு, எப்போது பாட ஆரம்பிப்பார்கள் என்று விசாரித்தார். எக்ஸ்சேஞ்சில் ஒரு தோழிக்குக் கேசட்டைக் கொடுத்தேன். மறுநாளே திருப்பிக் கொடுத்தாள். அவள் அம்மாவுக்கு அதைக் கேட்டுத் தலைவலி வந்துவிட்டதாம். வெற்றி என்று சொன்னால் ஒன்றுதான். மெயின் பஜாரில் எங்களுக்கு ஜாக்கெட் தைக்கும் டெய்லர் 'மழ கேசட்டை' ஒரு வாரம் வைத்திருந்தார். தையல் மிஷின் அந்தத் தாளத்துக்குச் சரியாக ஓடுகிறது, இன்னொன்று இருந்தால் கொடுங்கள் என்று கேட்டார். ராஜவேலுவுக்கு அன்று கால் தரையில் பாவவில்லை.

கிளப் லைப்ரரியில் பழைய இங்கிலீஷ் பத்திரிகை ஒன்றைப் புரட்டும்போது ஓரத்தில் சின்னச் செய்தி பார்த்தேன். அஞ்சு பேரின் ஐந்தாவது ரெக்கார்டு வந்துவிட்டது. ஆர்கன் வாசிப்பவர் விலகிவிட்டார். அதைக் கையால் எழுதிக்கொண்டு வந்து படித்துக் காட்டினேன்.

"தாடி போயிட்டாரா?" என்றார் கனகாக்கா. யாரோ சொந்தக்காரர் ஊரைவிட்டுப் போனதுபோல முகம் வாடிவிட்டது.

மெட்ராஸ் போகிறவர்கள், பம்பாய் போகிறவர்கள், எல்லாரிடமும் பேரை எழுதிக் கொடுத்தோம். ஐந்தாவதை யாரும் கொண்டுவரவில்லை.

அந்த மத்தியானம்

இனிமேல் எழுத வேண்டியதுதான் நான் இத்தனை வாரம் எழுதாமல் வைத்திருந்தது.

ராஜவேலுவின் 'மாட்டு மணி' கேசட்டில் ஒரு குறை இருந்தது. கடைசிப் பாட்டு பாதியில் அறுந்துவிடும். பதிவு செய்தவர் டேப் தீர்ந்ததைக் கவனிக்கவில்லை போலிருக்கிறது. ஆர்கன் ஏறிக்கொண்டே போய், எங்கேயோ போய்ச் சேரப்போகிற நேரத்தில் நின்றுபோகும். அதற்குப் பிறகு என்ன ஆகும் என்று நாங்கள் மூன்று பேரும் மாதக்கணக்கில் ஊகித்துக்கொண்டிருந்தோம்.

ஒரு நாள் மத்தியானம் மூன்று மணி வாக்கில் பம்ப் ஹவுஸ் தகடு விழுந்தது. கடலூர் துறைமுகத்தில் வேலை செய்யும் ஒருவரிடமிருந்து முழுக் கேசட்டு கைக்கு வந்திருக்கிறது என்றார் ராஜவேலு. சாயங்காலம் ஐந்து மணி பஸ்ஸுக்குள் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். எனக்கோ ராத்திரி பத்து வரை டியூட்டி.

போனை ஸ்பீக்கருக்குப் பக்கத்தில் பிடிக்கும்படி நான்தான் சொன்னேன்.

பாட்டு அறுந்துபோகும் இடம் வந்தது. அறுந்துபோகவில்லை. ஹெட்போனைக் காதோடு அழுத்திக்கொண்டு கண்ணை மூடிக்கொண்டேன். போர்டில் கன்ட்ரோல் ரூம் தகடு விழுந்த சத்தம் கேட்டது. பம்ப் ஹவுஸ் வேண்டும் என்றார்கள். லைன் பிஸி என்றேன். நாலு நிமிஷம் கழித்து மறுபடியும் கேட்டார்கள். மறுபடியும் பிஸி என்றேன்.

நடுவில் ராஜவேலு போனை எடுத்து, "இன்னும் கொஞ்ச நேரம் ஓடும் போலங்க. வச்சிடட்டுங்களா?" என்று கேட்டார்.

"வைக்காதீங்க. முடியட்டும்" என்றேன்.

பாட்டு முடிந்தது. எப்படி முடிந்தது என்று இன்றைக்கும் ஒவ்வொரு சுரமாக ஞாபகம் இருக்கிறது.

சுரங்கத்தின் மறுபக்கம் இரண்டு பம்புகள் நின்றுபோயிருந்தன. இந்தப் பக்கம் சும்மா இருந்த பம்பை உடனே ஓட்டச் சொல்லத்தான் கன்ட்ரோல் ரூமிலிருந்து கூப்பிட்டிருக்கிறார்கள். லைன் கிடைக்காமல் ஜீப் அனுப்பியிருக்கிறார்கள். அதற்குள் அடிமட்டத்தில் தண்ணீர் ஏறி, ஒரு இயந்திரத்தின் கால்வரை வந்துவிட்டது. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஆகியிருக்கலாம்.

மறுநாள் விசாரணை. மேஜைக்கு அந்தப் பக்கம் இரண்டு அதிகாரிகள், பக்கத்தில் எங்கள் சூப்பர்வைசர் அம்மா. லைன் ஏன் அவ்வளவு நேரம் பிஸியாக இருந்தது என்று கேட்டார்கள்.

எனக்குப் புரொபேஷன் முடிய ஆறு மாசம் இருந்தது. அப்பாவுக்கு மறுவருஷம் ரிட்டையர்மென்ட், அதோடு குவார்ட்டர்ஸும் போய்விடும். தங்கைகள் இருவர் படித்துக்கொண்டிருந்தார்கள். இவையெல்லாம் பிறகு நான் அடுக்கிக்கொண்ட காரணங்கள். அந்த அறையில் எனக்கு இருந்தது பயம் மட்டும்தான்.

"பம்ப் ஹவுஸ் ஆள்தான் சார் கூப்பிட்டுப் பேசிக்கிட்டே இருந்தார். வைக்கச் சொன்னேன், வைக்கலை" என்றேன்.

எனக்கு எச்சரிக்கை மெமோ கொடுத்தார்கள். ராஜவேலுவை அன்றே நிறுத்திவிட்டார்கள். லிஸ்டிலிருந்து பெயரை அடித்துவிட்டார்கள். அவரிடமும் கேட்டிருக்கிறார்கள். அவர் எதையும் மறுக்கவில்லை என்று பிறகு கேள்விப்பட்டேன்.

திங்கட்கிழமை

ஞாயிற்றுக்கிழமை அவர் வரவில்லை. கனகாக்கா நாலு மணி வரை வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு நான் நடந்ததைச் சொன்னேன். ஒன்றையும் மறைக்கவில்லை. அவரிடம் எதையும் மறைத்துப் பழக்கமில்லை.

அவர் திட்டவில்லை. "நாளைக்குப் போயி நெசத்தைச் சொல்லிப்போடு கண்ணு. நானும் கூட வாரேன்" என்றார்.

சரி என்றேன்.

திங்கட்கிழமை காலை ஒன்பது மணிக்கு எங்கள் வீட்டு ஜன்னல் வழியாகப் பார்த்தேன். கனகாக்கா நல்ல புடவை கட்டி, தலைவாரி, கைப்பையோடு தன் கேட்டருகே நின்றிருந்தார். நான் வெளியே போகவில்லை. தலைவலி என்று அம்மாவிடம் சொல்லிவிட்டுப் படுத்துக்கொண்டேன். பத்து மணிக்கு எழுந்து பார்த்தபோது கேட்டருகே யாரும் இல்லை.

அவர் அதைப் பற்றி மறுபடி கேட்கவே இல்லை. வீட்டுக்குப் போனால் எப்போதும்போல வா என்பார், காபி கொடுப்பார், அம்மாவின் முட்டுவலியை விசாரிப்பார். ரெக்கார்டு மட்டும் போடமாட்டார். பிளேயர் மேல் ஒரு பூ வேலை செய்த துணி விரித்திருக்கும். அலமாரியில் ஒட்டியிருந்த ரோஸ்டர் தாள் இல்லை. போடுங்கள் என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. நான் இல்லாதபோது கேட்கிறாரா என்று சுவரில் காதை வைத்துக்கூடப் பார்த்திருக்கிறேன். ஒரு நாளும் கேட்டதில்லை.

ஒரு வருஷம் போல இப்படியே போனது. அவர் கணவருக்கு வளைகுடா நாடு ஒன்றில் மின் நிலைய வேலை கிடைத்தது. வீட்டைக் காலி செய்த அன்று கனகாக்கா என் கன்னத்தைத் தொட்டு, "நல்லாயிரு கண்ணு" என்றார். விலாசம் எழுதிக் கொடுத்தார். நான் மூன்று கடிதம் போட்டேன். பொங்கலுக்கு ஒரு வாழ்த்து அட்டை வந்தது. அதில் கணவரின் கையெழுத்துதான் இருந்தது.

அந்தக் குவார்ட்டர்ஸுக்கு வேறு குடும்பம் வந்தது. நல்ல மனிதர்கள். சாயங்காலத்தில் வேலை முடிந்து வரும்போது என் கால்கள் அந்த கேட்டருகே தானாக மெதுவாகும். உள்ளே ரேடியோவில் செய்தி ஓடிக்கொண்டிருக்கும்.

மைக் செட் கடை

எனக்குக் கல்யாணமாயிற்று. எக்ஸ்சேஞ்சிலேயே சீனியர் ஆனேன். மகன் ஸ்கூலுக்குப் போகத் தொடங்கினான். எண்பதுகளின் நடுவிலா, கொஞ்சம் தாண்டியா, சரியாக ஞாபகமில்லை. கூட வேலை பார்த்த பெண்ணின் கல்யாணத்துக்குச் சேத்தியாத்தோப்புக்குத் தனியாகப் போயிருந்தேன். சாப்பிட்டுவிட்டு மத்தியானம் பஸ்ஸுக்கு நின்றபோது, எதிரே ஒரு மைக் செட் கடையில் ஒருவர் ஸ்பீக்கரைப் பிரித்து வைத்துச் சரிசெய்துகொண்டிருந்தார். கொஞ்சம் சதை போட்டிருந்தார். முன்தலையில் முடி இல்லை. ஆனால் தரையைப் பார்த்து உட்கார்ந்திருந்த விதம் அப்படியே இருந்தது.

சாலையைத் தாண்டிப் போக எனக்கு இரண்டு பஸ் போகும் நேரம் ஆயிற்று.

"ஆப்பரேட்டரம்மா" என்றார் நிமிர்ந்து. உடனே எழுந்து ஸ்டூலைத் துடைத்துப் போட்டார். சோடா வரவழைத்தார். கல்யாணம், திருவிழா, கட்சிக் கூட்டம் என்று தொழில் ஓடுகிறதாம். வடக்குத்தில் மிச்சமிருந்த நிலத்தை விற்றுவிட்டு இங்கே வந்துவிட்டார். இரண்டு பெண் குழந்தைகள்.

நான் சோடாவைக் குடிக்கவில்லை. பாட்டிலைக் கையில் வைத்துக்கொண்டே சொல்லிவிட்டேன். விசாரணையில் நான் என்ன சொன்னேன் என்பதை, அதே வார்த்தைகளில்.

"தெரியுமுங்க" என்றார். "அன்னிக்கே அந்த ஆபீசரு படிச்சிக் காட்டிட்டாரு."

"நீங்க ஏன் இல்லைன்னு சொல்லலை?"

"என்னான்னு சொல்றதுங்க? போன புடிச்சிக்கினு இருந்தது நான்தான. சொன்னா ரெண்டு பேருக்கும் போயிருக்கும்." ஸ்க்ரூ டிரைவரைத் துணியில் துடைத்துக்கொண்டிருந்தார். "கோவம் இருந்துச்சு. இல்லன்னு சொல்ல மாட்டேன். ரெண்டு வருசம் நெய்வேலி பக்கமே வரல. அப்பறம் பொண்ணு பொறந்துச்சு, தொழில் புடிச்சிக்கிச்சி. கோவத்துக்கு நேரமில்லாம பூடுச்சு."

மன்னித்துவிட்டதாக அவர் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

பிறகு அவர் உள்ளே போய் ஒரு கேசட்டைக் கொண்டுவந்தார். கப்பலில் வேலை செய்யும் ஒரு வாடிக்கையாளர் போன மாசம்தான் கொண்டுவந்து கொடுத்தாராம். அட்டையோடு இருந்தது. அஞ்சு பேரின் ஐந்தாவது.

"இன்னும் முழுசா கேக்கலிங்க. தனியா கேக்க என்னமோ மாதிரி இருந்துச்சு" என்றார்.

கடையிலிருந்த பெரிய ஸ்பீக்கரில் போட்டார். பஸ் ஸ்டாண்டில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். முதல் பாட்டு முடிந்தது. இரண்டாவது, மூன்றாவது முடிந்தது. எல்லாம் குட்டிக் குட்டிப் பாட்டுகள். நன்றாகச் சுத்தமாக வாசித்திருந்தார்கள். எந்த இடத்திலும் எதுவும் நின்றுபோகவில்லை, எழவும் இல்லை. அவர் கேசட்டைத் திருப்பிப் போட்டார். நான் முகத்தை ஆர்வமாக வைத்துக்கொள்ளப் பார்த்தேன். இத்தனை வருஷம் காத்திருந்து கேட்பது என்பதால் நானாக எதையும் சொல்லிவிடக் கூடாது என்று இருந்தது.

கடைசிப் பாட்டு ஓய்ந்தது. ராஜவேலு பொத்தானை அழுத்தி நிறுத்தினார்.

"நல்லால்ல, இல்லிங்களா?" என்றார்.

"நல்லாவே இல்லை" என்றேன்.

இருவரும் சிரித்தோம். சிரித்துக்கொண்டிருக்கும்போதே எனக்கு அழுகை வந்துவிட்டது. அவர் பார்க்காததுபோல எழுந்து போய், ஸ்பீக்கர் வயரைச் சுருட்டத் தொடங்கினார்.

"கனகாம்மா ஊர்ல இருக்காங்களா?" என்று முதுகைக் காட்டியபடியே கேட்டார்.

வெளிநாட்டில் இருக்கிறார் என்றேன்.

"இத கேக்க வேணாம்னு அவங்களுக்கு எழுதிப் போடுங்க. ஆசையா வாங்கிடப் போறாங்க."

என்னிடம் இருந்தது எத்தனையோ வருஷத்துக்கு முந்தைய விலாசம். அதை அவரிடம் சொல்லவில்லை. மறுநாள் மத்தியானம் டிபன் நேரத்தில் உட்கார்ந்து எழுதினேன். ராஜவேலுவைப் பார்த்தேன். அவரிடம் எல்லாவற்றையும் என் வாயால் சொல்லிவிட்டேன். ஐந்தாவதைச் சேர்ந்து கேட்டோம், நன்றாக இல்லை, நீங்கள் வாங்க வேண்டாம். அவ்வளவுதான் கடிதம். மெயின் பஜார் போஸ்ட் ஆபீசில் தபால்தலை வாங்கி நானே ஒட்டிப் போட்டேன்.

பதில் வரவில்லை. விலாசம் தப்பென்று கடிதம் திரும்பியும் வரவில்லை. திரும்பி வராத கடிதத்தை யாரோ ஒருவர் வாங்கிப் பிரித்துப் படித்திருக்கிறார் என்றே இதுவரை வைத்துக்கொண்டிருக்கிறேன்.